கோபிநத்தத்து இரவும் ஒண்முகில்களும்

மைசூர் அரண்மனையில் ஞாயிறுதோறும் மாலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் விளக்குகள் ஒரே நொடியில் பளிச்சென்று ஒளிரும் காட்சியைக் கண்டு வியக்காத மாணவர் நம் மன்றத்தில் எவரும் இரார். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் முதலில் அழைத்துச் சென்று காட்டுவதும் அதைத்தானே! நானும் அந்தக் கூட்டத்தில் பலமுறை நின்று வாய் பிளந்திருக்கிறேன். ஆனால், அந்த நொடியில் வானத்தில் என்ன நிகழ்கிறது என்று அண்ணாந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? விளக்குகள் எரிந்ததும் விண்மீன்கள் அவிந்துவிடுகின்றன. உண்மையில் அவை எங்கும் போய்விடவில்லை. அவற்றைக் காணும் ஆற்றல்தான் நம் கண்ணைவிட்டுப் போய்விடுகிறது.

இவ்வாறு மறைந்துபோகும் வானப் பொருள்களுள் மிக மெல்லியவை ஒண்முகில்கள். மேலைநாட்டார் அவற்றை நெபுலா என்பர். சிறிய தொலைநோக்கி ஒன்று, பழைய காமிரா ஒன்று, ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் கண்ணாடித் துண்டு ஒன்று. இவற்றைக் கொண்டு ஒரு மாணவன் அந்த ஒண்முகில்களைப் படம் பிடித்துவிட முடியும் என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை. என் பாட்டியார் வாழும் கோபிநத்தத்தில் இரண்டு அமாவாசை இரவுகளைக் கழித்த பின்னரே நம்பினேன். அந்தக் கதையையும், அதற்குள் இருக்கும் விஞ்ஞானத்தையும் என் தோழர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒண்முகில் என்பது யாது?

முகில் என்றவுடன் மழைமுகிலை எண்ணிவிடக் கூடாது. இது விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் வாயுவும் தூசும் ஆகும். வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன செண்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒண்முகிலிலோ அதே அளவு இடத்தில் சில பத்து அணுக்களே இருக்கலாம். அடர்ந்த முகிலானால் சில ஆயிரம் இருக்கலாம். நம் ஆய்வுக்கூடத்துப் பம்புகள் உண்டாக்கும் வெற்றிடங்கூட அதற்கு முன் நெரிசல் மிக்க சந்தைதான். அவ்வளவு மெலிந்த பொருள் நம் கண்ணுக்குப் படுவது அதன் பரப்பினால். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒளி செல்லவே பல பத்து ஆண்டுகள் ஆகும் அளவுக்கு அவை அகன்றவை.

இந்த வாயு தானே ஒளிர்வதில்லை. அதன் நடுவே பிறந்த இளம் விண்மீன்கள் மிக்க வெப்பமுடையவை. அவை புறவூதாக் கதிர்களை வீசுகின்றன. அக்கதிர் தாக்கியதும் ஹைட்ரஜன் அணுவின் ஒற்றை எலக்ட்ரான் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஓடியது என்றேனும் ஓர் அணுக்கருவிடம் திரும்பி வந்து சேரத்தான் வேண்டும். அவ்வாறு சேரும்போது, மாடியிலிருந்து படிப்படியாக இறங்கும் சிறுவனைப் போல, ஒவ்வொரு படியாகக் கீழே வருகிறது. ஒவ்வொரு படிக்கும் குறிப்பிட்ட அளவு ஆற்றலை ஒளியாக வெளியிடுகிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது வெளிவரும் ஒளி ஆழ்ந்த செந்நிறம். அதன் அலைநீளம் 656.3 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) இதற்கு ஹைட்ரஜன்-ஆல்பா என்று பெயர். அண்டத்தில் எந்த மூலையில் உள்ள ஹைட்ரஜனானாலும் இந்தப் படியிலிருந்து இறங்கும்போது இதே நிறத்தைத்தான் தரும்.

ஆக்சிஜனின் கதை இன்னும் சுவையானது. 1864ஆம் ஆண்டு வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர், வடவானில் உள்ள ஓர் ஒண்முகிலின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். வானவில்லைப் போல எல்லா நிறமும் தொடர்ந்து தோன்றும் என்று எதிர்பார்த்தவருக்குச் சில தனிக் கோடுகளே தெரிந்தன. அந்த ஒண்முகில் விண்மீன்களின் கூட்டம் அன்று, ஒளிரும் வாயுவே என்பது அன்று தெளிவாயிற்று. ஆனால், அக்கோடுகளுள் பச்சை நிறமான ஒன்று மண்ணுலகில் எவரும் கண்ட எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. ஆகவே 'நெபுலியம்' என்ற புதுத் தனிமம் வானத்தில் இருப்பதாகவே கருதினர். நெடுங்காலம் ஆளில்லாமல் உலவிய அந்தப் பெயருக்கு 1927இல் அமெரிக்க விஞ்ஞானி ஐரா போவன் விடை கண்டார். அது புதுத் தனிமம் அன்று. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே! கிளர்ச்சியுற்ற அந்த அணு 500.7 நானோமீட்டர் ஒளியை வெளியிட அரை நிமிடத்துக்கும் மேலாக எவரும் இடிக்காமல் இருக்கவேண்டும். நம் காற்றில் ஓர் அணுவுக்கு அத்தகைய தனிமை ஏது? ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான முறை இடிபடுகிறது. ஒண்முகிலின் வெறுமையில்தான் அதற்கு அந்த அமைதி வாய்க்கிறது. அதனால்தான் மண்ணில் காணாத கோடு விண்ணில் தெரிந்தது.

ஹைட்ரஜன், ஆக்சிஜன், இவற்றோடு 671.6, 673.1 நானோமீட்டர்களில் சிவந்து ஒளிரும் கந்தகம். ஒண்முகிலைப் படம் பிடிப்போர் பெரிதும் நாடுவது இம்மூன்றையே. முகிலின் ஒளியில் பெரும்பகுதி இத்தகைய சில கோடுகளில்தான் குவிந்து கிடக்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் கலைக்கு அடித்தளம் அதுவே.

சந்தையில் ஒரு குரல்

நம் தேவராசா சந்தைக்குள் ஒரு மாலை நேரத்தில் நுழைந்து பாருங்கள். பூக்காரர் ஒருபுறமும் பழக்காரர் மறுபுறமும் கன்னடத்தில் விலை கூவிக்கொண்டிருப்பர். அந்தப் பேரிரைச்சலுக்கு நடுவே, பத்துக் கடை தள்ளி எவரோ ஒருவர், "ஏப்பா, இது எவ்வளவுப்பா?" என்று மெல்லக் கேட்டாலும் நம் காது சட்டென்று அப்பக்கம் திரும்பிவிடுகிறது அல்லவா? அந்தக் குரல் உரத்தது என்பதனால் அன்று. நம் காது அந்த ஒரு மொழிக்காகக் காத்திருந்ததனால்.

குறும்பட்டை வடிகட்டி செய்வதும் இதுவே. நாம் காணும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவியுள்ளது. நகரத்து விளக்குகள் வானத்தில் தெளிக்கும் வெள்ளொளி இந்த அகலம் முழுவதும் நிரம்பியிருக்கிறது. என்னிடம் உள்ள வடிகட்டியோ 656.3ஐ நடுவாகக் கொண்டு 7 நானோமீட்டர் அகலத்தை மட்டுமே திறந்துவிடுகிறது. ஆகவே பரவிக் கிடக்கும் நகரத்து ஒளியில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரமுடியும். ஒண்முகிலின் ஹைட்ரஜன் ஒளியோ அந்தச் சிறு சாளரத்துக்குள்ளேயே இருப்பதால் அநேகமாக முழுவதும் வந்துவிடுகிறது. 3 நானோமீட்டர் சாளரமானால் நகரத்து ஒளி நூற்றில் ஒரு பங்காகக் குறையும். வடிகட்டி ஒளியைக் கூட்டுவதில்லை; வேண்டாததை விலக்குவது ஒன்றுதான் அதன் வேலை.

ஒரு கண்ணாடித் துண்டு எவ்வாறு இவ்வளவு கூர்மையாகத் தேர்ந்தெடுக்கிறது? மழை நாளில் சாலையில் சிந்திய எண்ணெய் பல நிறம் காட்டுவதைக் கண்டிருப்பீர்கள். எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் இரு அலைகள் சில நிறங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. வேறு சிலவற்றில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. இதே தத்துவத்தை ஒழுங்குபடுத்தி, இருவகைப் பொருள்களை மாறிமாறி, ஒளியலையின் காற்பங்கு தடிமனில், பல பத்து அடுக்குகளாகக் கண்ணாடிமேல் படியவைத்தால், ஒரு குறுகிய பட்டை தவிர ஏனைய யாவும் திரும்பிப் போய்விடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒளி சாய்ந்து வந்தால் இச்சாளரம் நீலப் பக்கமாக நகர்ந்துவிடும். எனவே மிக அகன்று குவியும் லென்சுகளோடு மிகக் குறுகிய வடிகட்டியைப் பொருத்தினால், வேண்டிய கோடே வெளியே நின்றுவிடக்கூடும்.

கொடைக்கானல் காட்டிய வழி

ஒரே நிறத்தில் வானத்தைப் பார்க்கும் இக்கலை நமக்குப் புதியதன்று. பழனிமலைத் தொடரில் 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தில், 1904 முதல் கால்சியத்தின் ஊதா நிறக் கோட்டிலும், 1912 முதல் ஹைட்ரஜன்-ஆல்பாவின் செந்நிறத்திலும் ஞாயிற்றைப் படம் பிடித்து வந்தனர். இக்காலத்து வடிகட்டிகள் அப்போது இல்லை. ஞாயிற்றின் ஒளியை நிறமாலையாக விரித்து, ஒரு நுண்ணிய இடுக்கின் வழியே வேண்டிய கோட்டை மட்டும் தகட்டில் விழச் செய்து, ஞாயிற்றின் வடிவத்தைக் கீற்றுக் கீற்றாகத் தொகுத்தனர். வெறும் வெள்ளொளியில் தெரியாத வாயு இழைகளும் ஒளிப்பரப்புகளும் அந்த ஒரு நிறத்தில் துலங்கின. தலைமுறை தலைமுறையாக எடுத்துச் சேர்த்த அந்தப் படங்கள், ஞாயிற்றின் போக்கை ஆராய்வோருக்கு இன்றும் கருவூலமாக உள்ளன.

ஞாயிற்றிடம் ஒளிக்குப் பஞ்சமில்லை. ஒண்முகிலிடமோ பஞ்சம் ஒன்றுதான் உண்டு! அதனால் இங்கே காலத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. ஓரியன் ஒண்முகிலை முதன்முதலில் 1880இல் படம் பிடித்த ஹென்றி டிரேப்பர், தம் தகட்டுக்கு 51 நிமிடம் ஒளி காட்டினார். அவர் தொழிலால் வானநூலார் அல்லர், மருத்துவம் படித்தவர். இத்துறையின் வாயிலைத் திறந்தவரே ஓர் ஆர்வலர்தாம் என்பதை எண்ணும்போது நம் போன்றோருக்கும் துணிவு பிறக்கிறது.

எங்கள் கருவிகள்

நானும் இரு நண்பர்களும் சேர்ந்து, ஓர் இருசக்கர வண்டியின் விலைக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டோம். முன்கண்ணாடி 72 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு தொலைநோக்கி. பிறர் பயன்படுத்திய பழைய காமிரா. ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று என இரு வடிகட்டிகள். புவியின் சுழற்சிக்கு ஈடாகத் திரும்பும் தாங்கி. 12 வோல்ட் மின்கலம். கடையில் வாங்கும் காமிராவுக்குள் ஒளியுணர் சில்லின்மேல் ஒரு தடுப்புக் கண்ணாடி இருக்கும். அது மனித முகத்தின் நிறம் சரியாக வரவேண்டும் என்பதற்காக ஆழ்ந்த சிவப்பைப் பெரும்பகுதி தடுத்துவிடும். நமக்கு வேண்டியதே அந்தச் சிவப்பு! ஆகவே பழுதுபார்க்கும் ஒருவரைக் கொண்டு அதை அகற்றினோம். வண்ணக் காமிராவில் நான்கு கட்டங்களுக்கு ஒன்றுதான் சிவப்பை உணரும். எஞ்சிய மூன்றும் ஹைட்ரஜன் படத்தின்போது சும்மா கிடக்கும். நிறக் கட்டமில்லாத, குளிரூட்டப்பெற்ற காமிராவில் இவ்விழப்பு இல்லை. ஆனால், அதன் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை.

இவற்றுள் உயிர்நாடி எது என்றால் தொலைநோக்கி அன்று, தாங்கியே என்பேன். புவி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. ஐந்து நிமிடம் காமிராவை அசையாமல் திறந்து வைத்தால் விண்மீன் ஒன்றேகால் பாகை நகர்ந்து கோடாகிவிடும். அது இரண்டரை முழுநிலாவின் அகலம். தாங்கியின் அச்சைப் புவியின் அச்சுக்கு இணையாக நிறுத்தினால்தான் இந்த நகர்வை ஈடுகட்ட முடியும். மேலைநாட்டு நூல்கள் எல்லாம், "துருவ விண்மீனைப் பார்த்து நிறுத்துக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அங்கே துருவன் உயரத்தில் நிற்கிறான். கோபிநத்தம் இருப்பதோ 12 பாகை வட அகலாங்கில். துருவனும் அடிவானிலிருந்து 12 பாகை உயரமே எழுவான். வடக்கே ஒரு குன்றோ புளியமரமோ இருந்தால் போதும், அவன் தலை தெரியாது. எனவே நாங்கள் விண்மீனின் நகர்வைச் சிறிது சிறிதாகக் கண்டு அச்சைத் திருத்தும் முறையைக் கற்றுக்கொள்ள நேர்ந்தது. இந்தத் தொல்லைக்கு ஈடாக ஒரு செல்வமும் நமக்கு உண்டு. ஐரோப்பியர் தம் ஊரில் காணவே இயலாத தென்வானத்துக் கரீனா ஒண்முகில், சித்திரை மாத முன்னிரவில் நமக்குத் தெற்கே 18 பாகை உயரத்தில் எழுந்து நிற்கும்.

தை அமாவாசை இரவு

மைசூரிலிருந்து கொள்ளேகால் சென்று, மாதேசுவரன் மலை ஏறி, பாலாறு வழியாக இறங்கினால் கோபிநத்தம். முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997இல் சாமராசநகர் மாவட்டத்துக்குப் போன ஊர். தமிழ் பேசும் ஊர். காடு சூழ்ந்தது, யானை நடமாடுவது. ஆகவே காட்டுப் பக்கம் போகாமல் பாட்டியார் வீட்டு மொட்டைமாடியிலேயே கருவிகளை நிறுத்தினோம்.

முதல் முறை சென்றது மார்கழி அமாவாசைக்கு. வடிகட்டி இல்லாமல் விண்மீனைக் கூர்மையாக்கிக்கொண்டு, பிறகு வடிகட்டியைப் பொருத்தி இரவெல்லாம் படம் எடுத்தேன். விடிந்து பார்த்தால் விண்மீன்கள் எல்லாம் வளையல் வளையலாக இருந்தன! கண்ணாடித் துண்டு நடுவே புகுந்ததும் குவியும் இடம் சற்றே தள்ளிப் போய்விடும் என்ற பாடத்தை ஓர் இரவு முழுவதையும் கட்டணமாகச் செலுத்திக் கற்றேன். பௌதிகம் படிப்பவன் செய்யும் பிழையா என்று நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும்.

தை அமாவாசைக்கு மீண்டும் சென்றோம். மலைக்கோயிலுக்குச் செல்லும் அடியார் கூட்டத்தால் பேருந்தில் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தோம். அன்று நாங்கள் குறிவைத்தது ரோஜா ஒண்முகில். திருவாதிரை மீனைத் தெரியுமல்லவா? கையை நீட்டி முட்டி பிடித்தால் அம்முட்டியின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் திருவாதிரைக்குக் கிழக்கே தள்ளி அது இருக்கிறது. வானில் அதன் அகலம் முழுநிலாவைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆயினும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால், அன்றிரவு எங்கள் காமிராவில் விழுந்த ஒளி சங்கச் சான்றோர்க்கும் நெடுங்காலம் முன்பு புறப்பட்டது. இரவு பத்தரை மணியளவில் அது தலையுச்சிக்கு அருகில் வந்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படமாக 36 படங்கள். மொத்தம் மூன்று மணி நேரம். நடுவில் ஆயா கைவிளக்கோடு மாடியேறி வந்ததில் ஒரு படம் கெட்டது. அதற்குப் பதில் இன்னொன்று எடுத்தோம்.

"ஏன் சாமி, இந்தக் குளிர்ல இருட்டுக்குள்ள அப்பிடி என்னத்தத் தேடுற?" என்றார்.

படத்தைக் காட்டினேன். கரிபூசிய பலகையில் சுண்ணாம்புத் தூள் சிதறினாற்போல் இருந்தது. "ஒண்ணுந் தெரியலியே கண்ணு!" என்றுவிட்டுப் போய்விட்டார்.

ஆயா சொன்னது சரியே. தனிப் படம் ஒன்றில் ஒண்முகிலின் ஒளியும் கருவியின் இரைச்சலும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு விதமாக விழும். முகிலோ எல்லாப் படத்திலும் அதே இடத்தில் இருக்கும். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி கண்டால், படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எதுவோ அத்தனை பங்காக இரைச்சல் குறையும். 36 படங்களுக்கு ஆறில் ஒரு பங்கு. முறத்தில் புடைக்கப் புடைக்கப் பதர் பறந்து நெல் தங்குவது போலத்தான். இதற்கு முன், மூடி போட்டு எடுத்த இருட்படங்களைக் கழித்துக் காமிராவின் சொந்தக் குறைகளையும், சீரான வெண்திரையை நோக்கி எடுத்த படங்களால் வகுத்து லென்சின் தூசு நிழலையும் நீக்கவேண்டும்.

மறுநாள் நண்பகலில் கணிப்பொறித் திரையில் ரோஜா மலர்ந்தது. நடுவே விண்மீன்கள் வாயுவை ஊதித் தள்ளிய வெற்றிடம், சுற்றிலும் இதழ் இதழாகச் சிவந்த முகில், அதன் குறுக்கே கரிய தூசுக் கோடுகள். ஆயாவை அழைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"பூவு மாதிரியே இருக்குது. இந்தச் செவப்பு நெசமா, நீ பூசுனதா?"

நிறம் மெய்யா?

நண்பர்களே, எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில்கூட இவ்வளவு கூரிய வினாவை எவரும் என்னைக் கேட்டதில்லை. நாங்கள் காட்டிய ஹைட்ரஜன் சிவப்பு மெய்யே, 656.3 நானோமீட்டர் கண்ணுக்குச் சிவப்புத்தான். ஆயினும் 7 நானோமீட்டர் சாளரத்துக்குள் 658.4இல் உள்ள நைட்ரஜன் கோடும் நுழைந்துவிடுகிறது. ஆகவே அது முழுக்க ஹைட்ரஜன் மட்டும் அன்று. திரையில் தெரியும் பளபளப்பும் கண்ணால் கண்டதன்று. மூன்று மணி நேர ஒளியைச் சேர்த்து, மங்கலைத் தூக்கிக் காட்டியது.

புகழ்பெற்ற படங்கள் பலவற்றில் நிறம் வேறு முறையில் அமைகிறது. 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் ஏற்றினர். கந்தகமும் ஹைட்ரஜனும் இயல்பில் இரண்டும் சிவப்பே. அப்படியே காட்டினால் எது எங்கே உள்ளது என்று பிரித்தறிய முடியாது. நிலப்படத்தில் கர்நாடகத்துக்கு மஞ்சளும் தமிழ்நாட்டுக்குப் பச்சையும் தீட்டியிருப்பதனால் எல்லை கடந்ததும் மண் நிறம் மாறிவிடுமா? அந்நிறம் ஒரு குறியீடு. குறியீடு இன்னது என்று கூறிவிட்டால் அதில் பொய் இல்லை. கூறாமல் விட்டால்தான் குற்றம். ஆயாவுக்கு இதை நான் எடுத்துச் சொன்னபோது, "அப்ப கீழ எழுதி வெச்சிரு சாமி" என்றார். அன்று முதல் என் படங்களின் கீழ் எந்த நிறம் எந்தத் தனிமம் என்று எழுதாமல் விடுவதில்லை.

இது வெறும் பொழுதுபோக்கா என்று கேட்பார் உண்டு. ஆண்ட்ரோமீடா அண்டத்தை 1888இல் ஐசக் இராபர்ட்சு படம் பிடித்தது முதல் எண்ணற்றோர் படம் எடுத்துவிட்டனர். இனி அங்கே காண என்ன இருக்கிறது என்றே எல்லோரும் இருந்தனர். 2022இல் பிரான்சு, ஜெர்மனி நாட்டு ஆர்வலர்கள் சிலர் பத்துச் செண்டிமீட்டர் அளவுள்ள தொலைநோக்கியில் ஆக்சிஜன் வடிகட்டியைப் பொருத்திப் பல இரவுகள் படம் எடுத்தனர். அந்த அண்டத்தின் அருகே, அதுவரை எவரும் அறியாத நீண்ட ஒளிவில் ஒன்று அதில் வெளிப்பட்டது. 2023 ஜனவரியில் அக்கண்டுபிடிப்பு விஞ்ஞான இதழில் வெளியாயிற்று. எல்லோரும் எல்லா நிறத்திலும் பார்த்த இடத்தில், ஒரே நிறத்தில் பொறுமையாகப் பார்த்தவர்க்கு அது கிட்டியது.

இருள் எதற்கு?

வடிகட்டி இவ்வளவு வல்லதானால் கோபிநத்தம் வரை ஏன் போகவேண்டும், மைசூர் மாடியிலேயே எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்தும் பார்த்தேன். ஹைட்ரஜன் படம் ஓரளவு நன்றாகவே வந்தது. ஆக்சிஜன் படமோ மிக மங்கிவிட்டது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குகளின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவுகிறது. அதன் நீலப்பச்சைப் பகுதி ஆக்சிஜனின் சாளரத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. பழைய சோடிய விளக்குகளாவது பெரும்பாலும் தம் மஞ்சள் எல்லைக்குள் அடங்கிக் கிடந்தன. மேலும், வடிகட்டி எல்லாவற்றுக்கும் மருந்தன்று. கார்த்திகை மீன்களைச் சூழ்ந்த நீல முகில் விண்மீன் ஒளியைத் தெறித்துக் காட்டுவது. தொலைவிலுள்ள அண்டங்களின் ஒளி கோடிக்கணக்கான விண்மீன்களின் கூட்டொளி. இவை எல்லா நிறத்திலும் பரந்தவை. சாளரத்தைச் சுருக்கினால் இவையும் நகரத்து ஒளியோடு சேர்ந்து மறைந்துவிடும். அவற்றுக்கு இருள் ஒன்றே வழி.

அந்த இருளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கோபிநத்தம் என்றதும் எல்லோரும் வீரப்பன் பெயரைச் சொல்கின்றனர். அவன் பிறந்த ஊர்தான் அது. ஆனால் அவ்வூர் மக்கள் இன்றும் போற்றும் பெயர், 1991 நவம்பரில் அவனால் கொல்லப்பட்ட வன அதிகாரி சீனிவாசன் என்பாரின் பெயர். 2004 அக்டோபரில் வீரப்பன் மாளும்வரை அங்கே இரவு என்றால் அச்சம். யார் வருவாரோ, யார் யாரை அழைத்துச் செல்வாரோ என்று கதவடைத்துக் கிடந்த காலத்தில்தான் என் தந்தையார் ஊரைவிட்டு மைசூருக்குப் பிழைக்க வந்தார். மைசூரில் பிறந்த நான் வடிகட்டியும் கையுமாகப் போய், "ஆகா, என்ன அழகான இருள்!" என்கிறேன். அந்த இருளில் வாழ்ந்தவர்க்கு அது எப்படி இருந்திருக்கும்?

சென்ற ஆண்டு ஆயாவின் தெருமுனையில் புதிய வெள்ளை விளக்கு ஒன்று நட்டனர். அதன் ஒளி எங்கள் மொட்டைமாடியில் நேரே விழுகிறது. வேண்டாம் என்று சொல்ல என் நாவு எழவில்லை. யானை வரும் ஊர்; முதியோர் நடக்கும் தெரு. விளக்கு வேண்டும் என்பதில் ஐயமே இல்லை. ஆனால், அந்த விளக்கின் ஒளியில் ஒரு பகுதி வானத்துக்கு அன்றோ போகிறது! அங்கே யாருக்கு வழி தெரியவேண்டும்? விளக்குக்கு மேலே ஒரு மூடி, ஒளி தரையை நோக்கி, நிறம் சற்று மஞ்சளாக. இவ்வளவு செய்தால் தெருவுக்கும் வெளிச்சம் மிகும், வானுக்கும் இருள் மிஞ்சும். லடாக்கில் ஹான்லே என்ற சிற்றூரைச் சுற்றிய பகுதியை 2022இல் இருள்வானக் காப்பிடமாக அறிவித்தனர். அங்கே உள்ளூர் இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் தொலைநோக்கி தந்து பயிற்சியளித்துள்ளனர். வானத்தைக் காண வருவோரால் அவர்களுக்கு வருவாயும் கிடைக்கிறது. அச்சத்தால் பெயர்பெற்ற இரவைக் கோபிநத்தத்து இளைஞர்கள் அறிவால் பெயர்பெறச் செய்ய முடியாதா?

தெரு விளக்குக்கு மூடி கேட்டு ஊராரின் விண்ணப்பம் ஒன்றை எழுதித் தந்திருக்கிறேன். முதல் கையொப்பம் ஆயாவுடையது. எழுதத் தெரியாதவராகையால் பெருவிரல் பதித்தார், பதித்துவிட்டு, "வெளக்கு எரியணும், பூவுந் தெரியணும். அம்புட்டுத்தான?" என்றார். அம்புட்டுத்தான். இத்தனை பக்கங்களில் நான் சொல்லவந்ததும் அதுவே.

வரும் மார்கழி அமாவாசைக்கு மீண்டும் செல்கிறோம். ஆயா வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பேருக்கு இடம் உண்டு. போர்வையும் பொறுமையும் கொண்டுவரத் தயாராயிருக்கும் மன்றத்துத் தோழர்கள், பௌதிகப் பகுதி வாயிலில் என்னைக் காணலாம். கைவிளக்கை மட்டும் தயவுசெய்து விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.